மூடியைத் திறந்துவிட்டுத் தள்ளி நில்

மார்லிஸ் கெட்டுனன் ஒரு சிலிண்டரைக் கையில் தூக்கினாலே போதும், உள்ளே எவ்வளவு கேஸ் மிச்சம் இருக்கிறதென்று சொல்லிவிடுவாள். நம்பாதவர்களுக்காகத் தராசு பக்கத்திலேயே இருந்தது. ஒரு பவுண்டு முன்னே பின்னே போகும். அதற்கு மேல் அவள் தவறி நான் பார்த்ததில்லை.

எங்கள் ஏரிக்கரை ஊரான பைன் லேண்டிங்கின் ஒரே ஹார்டுவேர் கடையில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. ஏழு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு ஓர் ஏப்ரலில் வீடு திரும்பிய நான், சும்மா உட்கார முடியாமல் கோடைக்காலத்துக்கு அதே கடையில் சேர்ந்தேன். ஏரியில் பனிக்கட்டி மிதந்துகொண்டிருக்கும்போதே, முற்றத்தில் வைத்துச் சுடும் கேஸ் அடுப்புகளான கிரில்கள் அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கிவிடும். ஆறு மாதம் பனிக்குள் அடைந்து கிடந்த சனம், வெயில் தலைகாட்டிய முதல் நாளே வெளியே நின்று இறைச்சி சுட வேண்டும் என்று துடிக்கும். கடையின் பின்முற்றத்தில் ஒரு பழைய மெத்தைத் துண்டின்மேல் மண்டியிட்டு, வருடத்துக்கு அறுபது கிரில்லாவது மார்லிஸ் பூட்டுவாள். பூட்டியதும் இணைப்புகள் மேலெல்லாம் சோப்புத் தண்ணீர் தெளித்து, குமிழி வருகிறதா என்று பார்ப்பாள். பிறகு ஒரு முறை பற்ற வைத்து அணைப்பாள். அதற்கு முன் எந்த கிரில்லும் முற்றத்தைத் தாண்டாது.

"பெட்டியில வர்றது வெறும் தகரம். நான் பத்த வெச்சு அணைச்ச பிறகுதான் அது கிரில்" என்பாள்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் இல்மரி மே மாதத்தில் ஒரு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது காலி மார்லிஸ். சுடர் ஒரு விரல் உயரம்கூட வரல."

அவள் தூக்கிப் பார்த்தாள். "பாதிக்கு மேல இருக்கு. திருப்பி எடுத்துட்டுப் போங்க."

"அப்ப ஏன் எரிய மாட்டேங்குது?"

"பர்னர் குமிழைத் திறந்து வெச்சுக்கிட்டே சிலிண்டரைத் திறந்திருப்பீங்க. அதுவும் வெடுக்குனு. எங்கயோ கசியுதுனு நெனச்சு ரெகுலேட்டர் பயந்துபோய் வாயை மூடிக்கிச்சு."

"ரெகுலேட்டர் பயப்படுமா?"

"உங்க பஸ்ல ஒரு தடவை போயிருந்தா கட்டாயம் பயப்படும். எல்லாத்தையும் மூடுங்க, கழட்டுங்க, ஒரு காபி குடிங்க. அப்புறம் மாட்டி மெதுவாத் திறங்க. தூங்கற குழந்தை ரூமுக்குள்ள போற மாதிரி."

இல்மரி போனார். மறுநாள் கடையைத் தாண்டும்போது பேருந்தின் ஹாரனை இரண்டு முறை அடித்தார். எரிந்துவிட்டதென்று அர்த்தம்.

ஊரில் இருக்கும் கிரில்களில் பாதிக்கு மேல் அவள் கை பட்டவை. ஆனால் சனிக்கிழமை மாலையில் எந்த வீட்டு முற்றத்தை எட்டிப் பார்த்தாலும், லைட்டர் ஓர் ஆணின் கையில்தான் இருக்கும். உள்ளே உருளைக்கிழங்கு சாலட் கிளறுவது பெண். வெளியே பீர் டப்பாவோடு நெருப்பின் முன் நிற்பது ஆண். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, யாரும் மீறியதுமில்லை. மார்லிஸ் வீட்டிலும் அப்படித்தான். அவள் கணவன் வெஸ் நிதானமான ஆள். அவள் சொன்ன வரிசைப்படிதான் பற்ற வைப்பான். நான்கு வருடத்துக்கு முன், உறைந்த ஏரிமேல் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் போய்விட்டான்.

அதன்பிறகு குடும்பத்தில் எந்த விருந்து நடந்தாலும், வெஸ்ஸின் அண்ணன் டுவேன் லைட்டரைக் கையில் எடுத்துக்கொண்டான்.

டுவேனைக் குறை சொல்வது சுலபமில்லை. பனிக்காலம் முழுக்க விடியும் முன்பே வந்து, மார்லிஸின் வாசலில் கொட்டிக் கிடக்கும் பனியை வண்டியால் தள்ளிவிட்டுப் போவான். கதவைத் தட்ட மாட்டான், நன்றி கேட்க நிற்க மாட்டான். அவள் மகள் ஆனிகாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவனும் அவன்தான். ஆனால் கிரில் பற்ற வைப்பதில் மட்டும் அவன் ஒரு தனி ரகம். மூடி மூடியே இருக்கும். ஆறு குமிழ்களையும் கடைசி வரை திருப்புவான். சிலிண்டரை முழுதாகத் திறப்பான். அதற்குப் பிறகுதான் லைட்டர் எந்தப் பாக்கெட்டில் இருக்கிறதென்று தேட ஆரம்பிப்பான்.

முந்தைய வருடம் செப்டம்பர் விருந்தில், லைட்டர் கிடைப்பதற்குள் உள்ளே கேஸ் நிறைந்துவிட்டது. 'வுஃப்' என்று ஒரு சத்தம். மூடி ஓர் அடி எழும்பி விழுந்தது. டுவேனின் புருவங்கள் இரண்டும் போயின. அவன் சிரித்துக்கொண்டே கறுப்பு மார்க்கரால் புருவம் வரைந்துகொண்டு வந்து நின்றான். குடும்பமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மார்லிஸ் மட்டும் உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

"அன்னிக்கே நான் வாயைத் திறந்திருக்கணும்" என்று என்னிடம் சொன்னாள். "தம்பியைப் பறிகொடுத்த மனுசன், இதாவது அவனுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன். தப்பு."

ஜூன் மாதம் ஆனிகா பள்ளிப் படிப்பை முடித்தாள். எங்கள் பக்கம் அதற்கு வீட்டைத் திறந்து வைத்து ஊரையே அழைப்பார்கள். கராஜைக் கழுவி, மடக்கு மேசைகள் போட்டு, பிள்ளையின் படங்களைச் சுவரில் ஒட்டி, மத்தியானத்திலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு. மார்லிஸ் நூற்றிருபது பேருக்குச் சொல்லியிருந்தாள். கூடிகி என்கிற எங்கள் பக்கத்து இறைச்சி வில்லை மட்டும் முப்பது பவுண்டு. காரம் போட்டுப் பிசைந்த பன்றி இறைச்சியைத் தட்டையாகத் தட்டி, அடுக்கடுக்காகக் குளிர்பெட்டியில் வைத்திருந்தாள். அவளுடைய சொந்தக் கிரில் சின்னது, இத்தனை பேருக்குக் காணாது. டுவேனின் ஆறு பர்னர் கிரில் வேண்டும். ஆனால் இந்த முறை நெருப்பை அவளே பற்ற வைப்பதென்று தீர்மானித்துவிட்டாள். கடையிலிருந்துதான் அவனுக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் ஆணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"உன் கிரில்லைக் கொண்டு வா. பத்த வைக்கப் போறது நான்."

"உத்தரவு மகாராணி."

"விளையாடாத டுவேன். குளிர்காலம் பூரா வேட்டைக் குடிசையில கிடந்திருக்கு. நான் பிரிச்சுப் பார்க்கற வரைக்கும் தொடக் கூடாது."

"பதினாலு வருஷமா நான்தான் அதைப் பத்த வைக்கறேன்."

"புருவம் எத்தனை வருஷமா இருக்கு?"

அந்தப் பக்கம் அவன் சிரித்த சத்தம் எனக்கே கேட்டது. சரி என்றுதான் சொன்னான்.

விருந்தன்று காலையிலிருந்தே மழை. ஏரியிலிருந்து காற்று சாய்வாக அடித்தது. பன்னிரண்டு மணி வாக்கில் மார்லிஸும் நானும் பெரிய காபிக் கலன்களை எடுத்து வர சர்ச்சுக்குப் போனோம். திரும்பி வருவதற்குள் முப்பது பேர் வந்துவிட்டிருந்தார்கள். சாரல் உள்ளே வராமல் இருக்க, கராஜின் பெரிய கதவைப் பாதிக்கு இறக்கி வைத்திருந்தார்கள். உள்ளே மேசைகள், கேக், கிழவிகள், மடியில் குழந்தைகள்.

நடுவில் டுவேனின் கிரில்.

மழையில் நனைய வேண்டாம் என்று அவனே உருட்டிக்கொண்டு வந்து உள்ளே நிறுத்தியிருந்தான். மூடி மூடியிருந்தது. அவன் குனிந்து பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தான். டிக், டிக், டிக்.

"பத்து நிமிஷமாப் பாக்கறேன், பிடிக்கவே மாட்டேங்குது" என்றான் எங்களைப் பார்த்ததும். "உங்க கடை சிலிண்டர் காலி போல இருக்கு மார்லிஸ்."

சிரிப்பு எழுந்தது. மார்லிஸ் சிரிக்கவில்லை. அழுகிய முட்டை வாடை எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கதவருகே காற்றில் லேசாக. அவள் குனிந்தபோது, முழங்காலுக்குக் கீழே கெட்டியாக. புரோபேன் காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். கராஜின் மூலையில் வெந்நீர் பாய்லர் இருந்தது. அதனடியில் சின்னதாக ஒரு சுடர் எப்போதும் எரியும். பாய்லர் ஒன்றரை அடி மேடைமேல் நின்றதால்தான் கேஸ் இன்னும் அதை எட்டவில்லை.

"டுவேன், கையை எடு. மறுபடி அழுத்தாத."

"என்னாச்சு?"

"கையை எடு!"

அவள் குரலை உயர்த்தி ஊரில் யாரும் கேட்டதில்லை. எல்லாரும் திரும்பினார்கள். மார்லிஸ் கிரில்லின் அடியில் கையை விட்டு சிலிண்டரை மூடினாள்.

"எல்லாரும் வெளிய போங்க. இப்பவே. எதையும் எடுக்க வேணாம், எந்த சுவிட்சையும் தொட வேணாம்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கிழவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டுவேனின் முகம் சிவந்தது.

"அட, கொஞ்சம் வாடை வந்துச்சு, அவ்வளவுதான். இதுக்குப் போயி ஜனங்களை மழையில தள்ளுவியா? பிள்ளையோட விசேஷம் மார்லிஸ்."

"பிள்ளை விசேஷங்கறதாலதான் சொல்றேன். நடங்க!"

ஆனிகா கதவை முழுதாகத் திறக்கலாமென்று சுவரிலிருந்த பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள்.

"தொடாத!" மார்லிஸ் ஒரே எட்டில் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "மோட்டார்ல பொறி பறக்கும்டி."

பிறகு மேலே தொங்கிய சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து கதவை விடுவித்தாள். நானும் இல்மரியும் தோள் கொடுத்துக் கதவைக் கையாலேயே மேலே தள்ளினோம். சாரல் உள்ளே வந்தது, காற்றும் வந்தது. அதற்குப் பிறகு யாரும் விவாதிக்கவில்லை. மகளின் கையை அவள் பிடித்த பிடியைப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

முற்றத்தின் கோடியில், விறகால் சூடேற்றும் வெஸ்ஸின் சானா அறை இருந்தது, உடுப்பைக் களைந்துவிட்டு வெக்கையில் உட்கார்ந்து வியர்க்கும் மர அறை. அன்று அதில் நெருப்பில்லை. குழந்தைகளும் கிழவிகளும் அங்கே ஓடிப் படிக்கட்டுப் பலகைகளில் அடைந்து உட்கார்ந்தார்கள். போதகர் கழுத்துப்பட்டையோடு மேல் பலகையில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்து ஒரு கிழவி, "பாஸ்டர், உடுப்போட சானாவுக்கு வந்த முதல் ஆள் நீங்கதான்" என்றாள். மற்றவர்கள் கார்களுக்குள் ஏறிக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டுவேன் மழையிலேயே நின்றான்.

"ஊர் முன்னாடி என்னை முட்டாளாக்கிட்ட."

"முட்டாளா இருந்தா பரவாயில்ல டுவேன். கரிக்கட்டையா இருந்திருந்தா யாருகிட்ட சண்டை போட?"

"வெஸ் இருந்திருந்தா இப்படிப் பேசியிருப்பியா?"

அது அவளைக் குத்தியது, கண்ணில் தெரிந்தது. ஆனால் நிதானம் கலையவில்லை.

"வெஸ் இருந்திருந்தா கிரில் கராஜுக்குள்ள வந்திருக்காது" என்றாள்.

அவன் பிக்கப் வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டான். வண்டியைக் கிளப்பவில்லை. ஆனால் இறங்கவுமில்லை.

ஒரு மணிக்கு விருந்து. மணி ஒன்றரை ஆகிவிட்டது. கார்கள் வந்துகொண்டே இருந்தன. மகளின் விருந்தில் நூற்றிருபது பேர் மழையில் பட்டினியாகத் திரும்பிப் போனால், கோடை முழுக்க ஊர் அதைத்தான் பேசும். நான் அவசரத்தில், "இப்படியே வெளிய தள்ளிப் பத்த வெச்சுடலாமா?" என்றேன்.

"ஏழு வருஷம் வெளியூர்ல இருந்துட்டு அவசரத்தை மட்டும் கத்துக்கிட்டு வந்தியா?" என்றாள். "முதல்ல ஏன் பிடிக்கலைனு தெரியணும்."

கிரில்லைக் கைகளால் தூக்கி வைப்பதுபோல மெதுவாக உருட்டி, வீட்டிலிருந்து பத்தடிக்கு மேல் தள்ளி, கூரை நிழல் ஏதும் இல்லாத கல் தரையில் நிறுத்தினோம். மழை தூறலாகக் குறைந்திருந்தது. சிலிண்டரைக் கழற்றித் தள்ளி வைத்தாள். மூடியைத் திறந்தாள், கம்பித் தட்டுகளை எடுத்தாள், முதல் பர்னரை ஒரு திருகாணி கழற்றி வெளியே இழுத்தாள். அதன் குழாயின் வாய்க்குள் டார்ச் அடித்ததும் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. பஞ்சுபோல வெள்ளையாக ஒரு கூடு அடைத்திருந்தது. சிலந்தி. அந்தச் சின்ன மஞ்சள் சிலந்திக்கு கேஸ் வாடை பிடிக்கும். ஆள் நடமாட்டமில்லாத குடிசையில் அது குளிர்காலம் முழுக்க நிம்மதியாகக் குடும்பம் நடத்தியிருக்கிறது. மேலே போக வழியில்லாமல் கேஸ் குழாயின் வாய் வழியாகவே கீழே வழிந்து, கராஜின் தரையில் தேங்கியிருக்கிறது.

"ஆறுமே அடைப்பு" என்றாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு. "பாட்டில் கழுவற பிரஷ் கொண்டா."

ஒவ்வொரு குழாயையும் அவள் தேய்த்துத் தட்டினாள். அவசரப்படவே இல்லை. கார்களுக்குள் இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பர்னரையும் திருப்பி மாட்டும்போது, அதன் வாய் சரியாக வால்வின் மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். ரப்பர் குழாயை விரலால் வளைத்து வளைத்து வெடிப்பிருக்கிறதா என்று தடவினாள். சிலிண்டரை நேராக நிறுத்தி, மரை கோணாமல் கையாலேயே முறுக்கினாள்.

எல்லாக் குமிழ்களும் மூடியிருக்கின்றனவா என்று ஒன்றொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சிலிண்டரை மிக மெதுவாகத் திறந்தாள். சோப்புத் தண்ணீர் தெளித்தாள். இணைப்புகளின்மேல் நுரை அசையாமல் நின்றது. ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்தாள். ஒரு குமிழியும் வரவில்லை.

"கராஜுக்குள்ள வாடை?" என்று கேட்டாள்.

நான் உள்ளே போய்த் தரை வரை குனிந்து மோந்துவிட்டு வந்தேன். "ஒண்ணுமில்ல."

சானாவின் கதவில் தலைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. பிக்கப்பின் கண்ணாடியை டுவேன் துடைத்துக்கொண்டிருந்தான்.

மூடி மேலே திறந்தபடி இருந்தது. மார்லிஸ் பக்கவாட்டில் தள்ளி நின்று, முகத்தை விலக்கி, நீண்ட லைட்டரின் சுடரை முதல் பர்னரின் ஓரத்தில் பிடித்தாள். பிறகுதான் அந்த ஒரு குமிழை மட்டும் திருப்பினாள். சின்னதாக ஒரு மூச்சு. நீல நிறத்தில் ஒரு கோடு ஓடி மறுமுனையைத் தொட்டது. அது நிலையாக நின்றதைப் பார்த்துவிட்டு அடுத்ததைத் திருப்பினாள். முதல் சுடரிலிருந்து அது தானே பற்றிக்கொண்டது. மூன்றாவது. நான்காவது. ஆறாவது எரிந்தபோது இல்மரி பேருந்து ஹாரன் மாதிரியே வாயால் இரண்டு முறை ஊதினார். கார் கதவுகள் திறந்தன.

மார்லிஸ் லைட்டரை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு நேராக பிக்கப்பிடம் போனாள். கண்ணாடியைத் தட்டினாள். அவன் பாதி இறக்கினான்.

"இறங்கு. நூறு பேர் பசியோட நிக்கறாங்க. கூடிகி திருப்ப ஆள் வேணும்."

"பத்த வெச்சவ நீதானே. நீயே திருப்பு."

"பத்த வைக்கறது இனிமே நான்தான். அதுல பேச்சே இல்ல. ஆனா நான் சுட்டா மேல கரி, உள்ள பச்சை. உனக்கே தெரியும்."

அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பிள்ளைங்க எல்லாம் உள்ள இருந்துச்சுங்கல்ல" என்றான்.

"இருந்துச்சுங்க."

"ஆனிகாவும்."

"ஆமா. நான் வேற ஒண்ணும் சொல்லப் போறதில்ல டுவேன். சாப்பாடு லேட்டாகுது."

அவன் இறங்கினான். தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு கிரில்லின் முன் வந்து நின்றான். ஆனிகா அவனிடம் நீளக் கரண்டியை நீட்டினாள். "பெரியப்பா, புருவம் இருக்கா?" என்று கேட்டாள். அவன் தடவிப் பார்த்து, "இருக்கு, இருக்கு" என்றான். சானாவுக்குள்ளிருந்து சிரிப்பு வெடித்தது, அவனும் சேர்ந்துகொண்டான். அன்று மாலை ஏழு மணி வரை அவன் நெருப்பை விட்டு நகரவில்லை. ஒரு கூடிகிகூடக் கருகவில்லை. மழை முழுதாக விட்டது. மேசைகளில் பாதியை முற்றத்துக்கு நகர்த்தினோம்.

கடைசி விருந்தாளி போனதும் மார்லிஸ் மேசைவிரிப்புகளை உருவிக்கொண்டிருந்தாள். டுவேன் கிரில்லின் முன் கைகளைத் துடைத்துக்கொண்டே நின்றான். குமிழை நோக்கிக் கை போனது, நின்றது.

"மார்லிஸ்" என்று கூப்பிட்டான். "முதல்ல எதை மூடணும்? இதையா, சிலிண்டரையா?"

அவள் விரிப்பை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சிலிண்டரை. குழாயில மிச்சம் இருக்கற கேஸ் எரிஞ்சு தீரட்டும். சுடர் தானா அணையும். அப்புறம் குமிழ்."

அவன் குனிந்து சிலிண்டரை மூடினான். ஆறு நீலக் கோடுகளும் சுருங்கி, துடித்து, ஒவ்வொன்றாக அடங்கும் வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவன் ஆறு குமிழ்களையும் வலமிருந்து இடமாக, ஒன்றையும் விடாமல், திருப்பி மூடினான்.